அந்த 38 யாருடையது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மாவின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கருவள சிகிச்சைக் கிளினிக்கில் கொடுத்த ஒற்றைத் தாள். மேலே அக்காவின் வயது 36, அத்தானின் வயது 39, கலியாணமாகி எத்தனை வருடம், நாலைந்து பரிசோதனை முடிவுகள். கீழே ஒரு பச்சைக் கட்டம். கட்டத்துக்குள் பெரிதாக 38%. அதற்கும் கீழே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் எழுத்தில், கணினி கணித்த வெற்றி வாய்ப்பு என்று ஒரு வரி.

"தம்பி, நீ உந்தக் கொம்பியூட்டர் வேலைதானே செய்யிறாய். 38 எண்டால் பாஸோ ஃபெயிலோ?"

சாதாரண தரப் பரீட்சையில் 35 எடுத்தால் எஸ் கிடைக்கும். அந்தக் கணக்கில் 38 பாஸ்தான். இப்படிப் பதில் எழுதிவிட்டு உடனே அழித்தேன். ஆறு வருடமாகக் கலியாண வீடுகளில் "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்விக்குச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஒருத்தருக்கு அனுப்பும் பகிடி இல்லை அது. பின்னேரம் வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு சைவக் கடையில் சந்தித்தோம். பிளேன்டீயும் வடையும் வைத்துக்கொண்டு அன்று அக்காவுக்கும் அத்தானுக்கும் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. கடன் கேட்டு வருபவர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருளில் வேலை செய்கிறேன். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அக்காவின் 38ஐக் கொடுத்த கணக்கும் அதே குடும்பத்துக் கணக்குதான். பழைய ஆட்களின் விபரமும் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் உள்ளே போகும். புது ஆளுக்கு என்ன நடக்கலாம் என்று ஒரு எண் வெளியே வரும். இதைத்தான் மெஷின் லேர்னிங், தமிழில் இயந்திரக் கற்றல், என்கிறார்கள்.

முதலில் சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.வி.எஃப் என்பது கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே, ஆய்வுகூடத்தில் சேர்ப்பது. இந்த வழியில் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தார். அந்த வேலைக்காக ரொபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. முறை இப்போது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல முட்டைகளை வளர்ப்பார்கள், ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், விந்தணுவோடு சேர்ப்பார்கள், உருவான கருவை மூன்று அல்லது ஐந்து நாள் வளர்த்துக் கருப்பைக்குள் வைப்பார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது. 12 முட்டை எடுத்தால் அதில் ஒன்பது பத்துத்தான் முற்றியதாக இருக்கும். அதில் ஆறேழு கருக்கட்டும். ஐந்தாம் நாள் வரைக்கும் நின்று பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலைக்கு வருவது மூன்று என்றால் நல்லது. இவை பொதுவான கணக்கு. ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசப்படும். புட்டு மாவை அரிப்பது மாதிரி, ஒவ்வொரு அரிதட்டிலும் கொஞ்சம் நின்றுவிடும். கடைசித் தட்டைத் தாண்டுவது எத்தனை என்று ஊசி போடத் தொடங்கும் முன்பே சொல்லத்தான் இந்த 38 முயல்கிறது.

சரி, கணினி எப்படிக் கற்றுக்கொள்கிறது?

வெள்ளவத்தைச் சந்தைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும் காலத்தில் அம்மாவோடு போய்ப் பாருங்கள். குவியலில் கைவைப்பார், காம்படியை மணந்து பார்ப்பார், இரண்டை ஒதுக்குவார், ஒன்றை எடுப்பார். ஏன் அது என்று கேட்டால் "பார்த்தால் தெரியாதே?" என்பார். அவருக்கு யாரும் சட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மாம்பழத்தை வாங்கி, வெட்டி, சில இனித்து, சில வெம்பி, அந்த அனுபவம் மூக்குக்கும் விரலுக்கும் இறங்கியிருக்கிறது. கணினிக்கும் நாங்கள் சட்டம் சொல்லிக் கொடுப்பதில்லை. வெட்டிய மாம்பழங்களின் பட்டியலைத்தான் கொடுக்கிறோம்: நிறம் இது, மணம் இது, வெட்டினால் இப்படி இருந்தது. எந்த அடையாளம் எந்த முடிவோடு ஒட்டிப்போகிறது என்பதை அது தானாகக் கண்டுபிடிக்கும்.

இதைக் கிளினிக்குக்குக் கொண்டுவருவோம். அத்தான் நம்பர் ஆள், கணக்காளர். அவருக்காக மேசையில் இருந்த ரிசீட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். கவனியுங்கள், இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டுக்கட்டியவை.

ஒரு கிளினிக்கின் அலுமாரியில் சிகிச்சை முடிந்த 1000 பேரின் கொப்பிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 320 கொப்பிகளில் குழந்தையின் படம் ஒட்டியிருக்கிறது. மற்றவற்றில் இல்லை. ஒரு லிகிதரைக் கூப்பிட்டு, படம் உள்ளதும் இல்லாததும் எவ்வளவு பிரியுமோ அவ்வளவு பிரியும்படி அடுக்கச் சொல்கிறோம். கொப்பியைத் திறந்து படத்தைப் பார்க்கக் கூடாது, முன்பக்க விபரத்தை வைத்துத்தான் கேள்வி கேட்கலாம். அவர் பல கேள்விகளைப் போட்டுப் பார்த்து, நன்றாகப் பிரிக்கும் கேள்வி வயதுதான் என்று கண்டுபிடிக்கிறார். பெண்ணின் வயது 37க்குக் கீழ் 600 கொப்பி, அதில் 240 குழந்தை. 37உம் அதற்கு மேலும் 400 கொப்பி, அதில் 80. முதல் தட்டில் 40 சதவீதம், இரண்டாவதில் 20.

அடுத்து முதல் தட்டை மட்டும் எடுத்து, ஸ்கானில் தெரிந்த சிறு முட்டைப் பைகள் எட்டுக்கு மேலா என்று கேட்கிறார். ஆம் என்பது 450 கொப்பி, 200 குழந்தை. இல்லை என்பது 150 கொப்பி, 40 குழந்தை. அந்த 450ஐ மறுபடியும் பிரிக்கிறார்: முன்பு எப்போதாவது கருத்தரித்ததா? ஆம் என்ற லாச்சியில் 150 கொப்பி, 86 குழந்தை. இல்லை என்ற லாச்சியில் 300 கொப்பி, 114 குழந்தை.

114ஐ 300ஆல் வகுத்தால் 38 சதவீதம்.

அக்கா கிளினிக்குக்குள் வந்ததும் அவரின் விபரத்தைப் பார்த்துக் கணினி செய்தது இதுதான். அவரின் கொப்பி எந்த லாச்சிக்குரியது என்று தேடி, அந்த லாச்சியில் ஏற்கனவே இருப்பவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை கிடைத்தது என்று பார்த்து அந்த எண்ணை அச்சடித்தது. அக்காவின் உடம்புக்குள் எட்டிப் பார்த்து 38 என்று சொல்லவில்லை. அந்த 38 லாச்சிக்காரருடையது. நூறு அக்காமார் இருந்தால் 38 பேருக்குக் கிடைத்தது, 62 பேருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் அக்கா அதில் எந்தப் பக்கம் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

இப்படிக் கேள்வி கேட்டுப் பிரிப்பதற்குத் தீர்மான மரம் என்று பெயர். உண்மையில் பாவிக்கும் முறைகள் இதைவிடப் பெரியவை. ஒரு லிகிதருக்குப் பதில் ஐந்நூறு லிகிதர்களை வைத்து, ஒவ்வொருவருக்கும் கொப்பிக் குவியலில் ஒரு பகுதியைக் கொடுத்து, எல்லோருடைய பதிலையும் சராசரி எடுப்பது ஒரு வகை. ஒவ்வொரு விபரத்துக்கும் கூட்டல் கழித்தல் புள்ளி கொடுத்து மொத்தம் பார்ப்பது இன்னொரு வகை. இது மிகப் பழசு, லொஜிஸ்டிக் ரிக்ரஷன் என்பார்கள். விளம்பரத்தில் நவீனமானதற்குத்தான் மவுசு. ஆனால் 2019இல், மருத்துவக் கணிப்பு பற்றிய 71 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், புது முறைகள் அந்தப் பழைய புள்ளிக் கணக்கை விட மேலாகச் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வங்கிக் கடனிலும் நான் கண்டது அதுதான். வரிசையும் நிரலுமாக உள்ள தரவு என்றால் பழைய முறையைத் தோற்கடிப்பது லேசில்லை.

வயதுதான் முதல் கேள்வியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் முட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. 36 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 36தான். வயது ஏற ஏற, முட்டையில் நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரியாமல் போவது கூடும்; அப்படி உருவான கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் நிலைக்காது. ஏ.எம்.எச் என்ற இரத்தப் பரிசோதனையைப் பலரும் முட்டையின் தரச் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். அது கையிருப்பு எவ்வளவு, ஊசி போட்டால் எத்தனை முட்டை வரலாம் என்று ஓரளவுக்குச் சொல்லும். அந்த முட்டைகள் எப்படிப்பட்டவை என்று சொல்லாது. அப்புறம் விந்தணு. ஏறக்குறையப் பாதித் தம்பதிகளில் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்தே இருக்கும். அக்கா மூன்று வருடம் தனியாக டொக்டரைச் சனல் பண்ணி அலைந்த பிறகுதான் அத்தான் முதல் சோதனைக்குப் போனார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், அவரும் இதை வாசிப்பார்.

இந்தக் கணிப்பு வேலை இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. பிரிட்டனில் கருவள சிகிச்சைகளை மேற்பார்வை செய்யும் அரச அமைப்பு 1991 முதல் ஒவ்வொரு சிகிச்சையையும் பதிவு செய்து வருகிறது. அந்தப் பதிவேட்டின் 36,961 சுற்றுகளை வைத்து 1996இலேயே ஒரு கணிப்பு வந்தது. 2016இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதே பதிவேட்டிலிருந்து 113,873 பெண்களின் விபரத்தை எடுத்து இன்னொன்றைச் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கேட்ட கேள்வி. ஒரு தடவை கரு வைத்தால் என்ன வாய்ப்பு என்று கேட்காமல், ஒரு முறை எடுத்த முட்டைகளிலிருந்து வந்த கருக்கள் எல்லாவற்றையும், உறைய வைத்தவற்றையும் சேர்த்து, ஒரு முழுச் சுற்று என்று கொண்டார்கள். அப்படி ஆறு சுற்று வரைக்கும் போனால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். முதல் முழுச் சுற்றில் குழந்தை பெற்றவர்கள் 29 சதவீதம். ஆறு சுற்று வரைக்கும் சேர்த்தால் 43 சதவீதம்.

இந்த இடத்தில் அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்ர 38 ஒரு சுற்றுக்கோ, எல்லாத்துக்கும் சேர்த்தோ?"

அது தாளில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

ஏனென்றால் வெற்றி என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் குறைந்தது நாலு அர்த்தம் இருக்கிறது. கரு வைத்து இரண்டு கிழமையில் இரத்தத்தில் எச்.சி.ஜி என்ற ஹோர்மோன் தெரிந்தால் ஒரு வெற்றி. கர்ப்பத்தின் ஆறாம் ஏழாம் கிழமையில் ஸ்கானில் கருவைச் சுற்றிய பையும் இதயத் துடிப்பும் தெரிந்தால் இன்னொன்று. பன்னிரண்டு கிழமை தாண்டினால் மற்றொன்று. உயிரோடு ஒரு குழந்தை கையில் வந்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் விடுபடுவார்கள் என்பதால் முதலாவது எண் எப்போதும் பெரிது, கடைசி எண் எப்போதும் சிறிது. கீழே என்ன வைத்து வகுத்தார்கள் என்பதும் அதே மாதிரி. சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் வைத்து வகுத்தால் ஒரு எண். கரு வைக்கும் நிலைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால், அரிதட்டில் நின்றுபோனவர்கள் கணக்கிலேயே வராததால், எண் அழகாக ஏறிவிடும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. இரத்தப் பரிசோதனையை மேலே போட்டு, கரு வைத்தவர்களைக் கீழே போட்டாலே போதும், பத்திரிகை விளம்பரத்துக்கு ஏற்ற எண் வந்துவிடும்.

கணினிக்கு இதெல்லாம் தெரியாது. வெற்றி என்று நாம் எந்த நிரலைக் காட்டுகிறோமோ அதைத்தான் கற்கும். இரத்தப் பரிசோதனையைக் காட்டிப் பழக்கினால் இரத்தப் பரிசோதனையைத்தான் கணிக்கும், தொட்டிலை இல்லை.

இனி அடுத்த சிக்கல். ரியூஷன் மாஸ்டர்களிடம் படித்த எல்லோருக்கும் இது விளங்கும். கடந்தகால வினாத்தாள் பத்து வருடத்தையும் விடையோடு மனப்பாடம் செய்த பையனிடம் அதே தாளைக் கொடுத்தால் நூறு எடுப்பான். புதுத் தாளைக் கொடுத்தால் முழிப்பான். கணினிக்கும் இந்த வியாதி உண்டு. கொப்பி குறைவாகவும் கேள்வி அதிகமாகவும் இருந்தால், லிகிதர் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒரு லாச்சிக்கு ஒரு கொப்பி என்று கொண்டுவந்து விடுவார். அப்போது பழைய ஆட்களுக்கு நூறு சதவீதம் சரி, புது ஆளுக்குப் பூவா தலையா. அதனால்தான் தொடக்கத்திலேயே ஒரு பகுதிக் கொப்பிகளைக் கணினிக்குக் காட்டாமல் ஒளித்துவைத்து, கடைசியில் அவற்றில் சோதிப்பார்கள். ஒளித்துவைத்ததில் எடுத்த புள்ளியை மட்டுந்தான் நம்பலாம்.

ஒளித்துவைத்தாலும் விடை கசியலாம். ஒரு உதாரணம்: கரு வைத்தபின் புரொஜெஸ்டரோன் மருந்து கொடுப்பார்கள். இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்தால் அதைப் பல கிழமை தொடர்வார்கள், வராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மருந்து எத்தனை நாள் கொடுத்தது என்ற நிரல் தெரியாமல் தரவுக்குள் போய்விட்டால், கணினி அதைப் பிடித்துக்கொண்டு பிரமாதமாகக் கணிக்கும். பிரயோசனம் இல்லை. அந்த விபரம் அக்கா கிளினிக்குக்குள் முதல் நாள் வரும்போது இருக்காதே. கடன் வேலையிலும் ஒருமுறை இப்படி நடந்தது; நிலுவைக் கடிதம் அனுப்பிய திகதி உள்ளே புகுந்திருந்தது. இரண்டு நாள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

சரி, நல்ல கணிப்பு என்று எப்படி அளப்பது? இரண்டு கேள்வி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு.

முதலாவது, வரிசைப்படுத்தத் தெரியுமா? குழந்தை கிடைத்த ஒரு பெண்ணின் கொப்பியையும் கிடைக்காத ஒரு பெண்ணின் கொப்பியையும் கண்ணை மூடி எடுங்கள். கணினி யாருக்குக் கூடிய எண் கொடுத்திருக்கிறது? குழந்தை கிடைத்தவருக்கு என்றால் சரி. இப்படி நிறையத் தடவை செய்து எத்தனை தடவை சரி என்று பார்த்தால் வருவதுதான் ஏ.யூ.சி என்ற அளவு. நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலும் 0.5 வரும். ஒரு பிழையும் விடாவிட்டால் 1. அபர்டீன்காரர்களின் கணிப்பு இந்த வகை அளவில் 0.73 எடுத்தது. லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள், நல்ல பதிவேடு, கெட்டிக்கார ஆட்கள், அப்படியிருந்தும் நூறு சோடியில் 27 சோடி பிழை. காரணம் அவர்களின் கெட்டித்தனத்தில் இல்லை. முட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது முன்பக்க விபரத்தில் எழுதியிருக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் பெண்ணின் எடையும் ஏ.எம்.எச்சும் கூடக் கிடையாது. எழுதாத நிரலைக் கணினி எங்கே போய்ப் படிக்கும்?

இரண்டாவது கேள்வி, சொன்ன எண் சொன்னபடி நடக்கிறதா? ஐப்பசி மாதத்தில் வானிலை அறிக்கை, மேல் மாகாணத்தில் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியோடு மழை பெய்யலாம் என்று சொல்லும். மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று அறிவித்த நூறு நாட்களை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 70 நாள் மழை பெய்திருக்கவேண்டும். 40 நாள்தான் பெய்தது என்றால், அந்த 70ஐ நம்பிக் குடை தூக்கித் திரிந்தது வீண். அதேபோல் 38 என்று தாள் வாங்கிய எல்லோரையும் இரண்டு வருடம் கழித்துத் தேடிப் பிடித்தால், நூற்றுக்கு 38 ஒட்டிக் குழந்தை இருக்கவேண்டும். வரிசைப்படுத்துவதில் கெட்டிக்காரக் கணிப்புகூட இதில் வழுக்கலாம், எல்லோருக்கும் பத்து சதவீதம் கூட்டிச் சொல்லலாம். கையில் தாளோடு நிற்கும் ஆளுக்கு முக்கியம் இந்த இரண்டாவதுதான். விளம்பரத்தில் வருவதோ முதலாவதுதான்.

அது வழுக்குவதற்குப் பெரிய காரணம் லாச்சியை வேறு ஊரிலிருந்து கொண்டுவருவது. எங்கள் நாட்டில் இதை விளங்கப்படுத்த இசட் ஸ்கோரை விடச் சிறந்த உதாரணம் இல்லை. ஒரே இசட் ஸ்கோர் கொழும்பில் மருத்துவ பீடத்துக்குப் போதாது, முல்லைத்தீவில் போதலாம். எண் ஒன்றுதான், அது நிற்கும் கூட்டம் வேறு. பிரிட்டனின் பதிவேட்டில் பழகிய கணிப்பு கொழும்புக்கு வரும்போது ஆட்கள் மாறுகிறார்கள், ஆய்வுகூடம் மாறுகிறது, எத்தனை வருடம் காத்திருந்து கிளினிக்குக்கு வருகிறார்கள் என்பதும் மாறுகிறது. காசு கைமாற்று வாங்கி, நகையை அடகு வைத்து, ஒரே ஒரு சுற்றுக்குத்தான் கட்டும் என்று வரும் தம்பதிகள் இங்கே உண்டு. ஆறு சுற்றுக் கணக்கு அவர்களுக்கு எதற்கு? உள்ளூர்க் கொப்பிகளை வைத்து எண்ணைச் சரிசெய்து கொள்ளலாம், அதற்கு முறை இருக்கிறது. ஆனால் உள்ளூரில் போதிய கொப்பி வேண்டும், அதில் கடைசிப் பக்கமும் எழுதியிருக்க வேண்டும். குழந்தை பிறந்ததா இல்லையா என்று கிளினிக்குக்குத் திரும்பிவந்து சொல்லாதவர்களை எந்த லாச்சியில் போடுவது?

இதுவரை சொன்னது தாளில் உள்ள எண்களை வைத்துச் செய்வது. இன்னொரு பிரிவு படத்தை வைத்துச் செய்வது, இப்போது அதிகம் அடிபடுவதும் அதுதான். ஐந்தாம் நாள் கருவை நுண்ணோக்கியில் பார்த்து எம்பிரியோலஜிஸ்ட், அதாவது ஆய்வுகூடத்தில் கருவை வளர்க்கும் நிபுணர், தரம் போடுவார்: 4ஏஏ, 3பிபி என்று. எண் அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்லும். முதல் எழுத்து குழந்தையாகப் போகும் உயிரணுக் கொத்துக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச் சுவருக்கு. இருவர் பார்த்தால் சிலவேளை இரண்டு தரம் வரும். இப்போது கருவை வளர்க்கும் பெட்டிக்குள்ளேயே கமரா வைத்துச் சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களைக் கணினிக்குக் காட்டி, எது ஒட்டும் என்று கேட்கிறார்கள்.

2019இல் இப்படி ஒரு ஆய்வு 0.93 என்ற ஏ.யூ.சியோடு வந்தது. மேலே 0.73 பார்த்த கண்ணுக்கு இது அதிசயம். விமர்சகர்கள் உள்ளே பார்த்தார்கள். தோல்வி என்று காட்டிய கருக்களில் பெரும்பாலானவை, இது சரிவராது என்று எம்பிரியோலஜிஸ்டே ஏற்கனவே ஒதுக்கி, கருப்பைக்குள் வைக்காதவை. சந்தையில் அழுகின மாம்பழத்தையும் நல்ல மாம்பழத்தையும் கலந்து வைத்து அம்மாவைச் சோதிப்பது மாதிரி. அதில் என்ன கெட்டித்தனம்? பார்வைக்கு நல்லதாகத் தெரியும் மூன்று பழத்தில் எது இனிக்கும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்ட ஒரு பரிசோதனையின் முடிவு 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 14 கிளினிக்குகள், 1066 பெண்கள். பாதிப்பேருக்கு எந்தக் கருவை வைப்பது என்று கணினி தெரிவு செய்தது, பாதிப்பேருக்கு மனிதர். யாருக்கு எது என்பது குலுக்கல். கணினிப் பக்கத்தில் 46.5 சதவீதம் கருத்தரித்தார்கள், மனிதர் பக்கத்தில் 48.2. கணினி மனிதரை விடக் குறைவில்லை என்று காட்டத்தான் அந்தப் பரிசோதனை. அதைக் காட்ட முடியவில்லை. ஒன்றில் மட்டும் கணினி வென்றது. மனிதருக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் எடுத்த வேலையை அது 21 விநாடியில் முடித்தது. ஆய்வுகூடத்தில் இரவு பகலாக நிற்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்காக நோயாளியிடம் மேலதிகமாகக் காசு கேட்டால் எதற்கு என்று கேட்கலாம்.

வடை முடிந்து இரண்டாவது பிளேன்டீ வந்தது. அத்தான் கேட்டார்: "அப்ப இது சாத்திரியார் சொல்லுறதுக்கும் மேலயோ, கீழயோ?"

மேலே, சந்தேகமில்லை என்றேன். பெரியம்மா கொட்டாஞ்சேனையில் கேட்ட சாத்திரியார் வருகிற தைக்குள் என்றார், அதற்கு முந்தினவர் போன ஆவணிக்குள் என்றார். இருவரும் தாங்கள் முன்பு சொன்னதில் எத்தனை பலித்தது என்று கொப்பி வைத்துப் பார்க்கிறவர்கள் இல்லை. கணிப்பு அப்படிப் பார்க்க இடம் கொடுக்கிறது. பார்க்காமல் விட்டால் அதுவும் சாத்திரந்தான், அச்சு மட்டும் கலர்.

அக்கா கைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். அடுத்த முறை டொக்டரிடம் கேட்க நான் சொன்னதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இந்த 38 எதற்கு, இரத்தப் பரிசோதனைக்கா உயிரோடு பிறக்கும் குழந்தைக்கா? தொடங்கிய எல்லோரையும் வைத்தா, கரு வைத்தவர்களை மட்டும் வைத்தா? ஒரு சுற்றுக்கா, உறைய வைத்ததும் சேர்த்தா? யாருடைய கொப்பிகளில் பழகியது, இங்கே யாராவது சரிபார்த்தார்களா? கடைசிக் கேள்வியை அவரே சேர்த்தார்: 38 இல்லாமல் 15 என்று வந்திருந்தால் நீங்கள் வேறு என்ன செய்திருப்பீர்கள்? நான் யோசிக்காத கேள்வி அது. எண் மாறினாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்தத் தாளைக் கொடுத்ததே எதற்கு என்ற கேள்விதான் அதற்குள் இருந்தது.

டொக்டர் நல்ல மனுசி. உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு, ஒரு முழுச் சுற்றுக்கு என்றாராம். வெளிநாட்டுத் தரவில் பழகியது, இங்கே தாங்கள் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாராம். கடைசிக் கேள்விக்கு, 15 என்றால் எத்தனை சுற்றுக்குக் காசு ஒதுக்குவது என்பதை முதல் நாளே உங்களோடு இருந்து கதைத்திருப்பேன் என்றாராம்.

இரண்டு கிழமை ஊசி போட்டு முட்டை எடுத்த அன்று பின்னேரம் கோல் வந்தது. நான் 100ஆம் நம்பர் பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டிக்கொண்டிருந்தேன், ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

"பதினொண்டு எடுத்தவை, தம்பி. இப்ப அந்த எண் மாறுமோ?"

மாறும். அபர்டீன்காரர்கள் சிகிச்சைக்கு முன் ஒன்று, முதல் தடவை கரு வைத்தபின் ஒன்று என இரண்டு கணிப்புச் செய்ததே அதற்காகத்தான். எத்தனை முட்டை வந்தது, கரு எந்த நாள் வரைக்கும் நின்றது என்று தெரியத் தெரியக் கொப்பி வேறு லாச்சிக்குப் போகும். நாளைக்குக் காலை எத்தனை கருக்கட்டியது என்று சொல்வார்கள், அது தெரிந்ததும் எடுங்கோ என்றேன்.